சிறுநீரகக் குறைபாடும் குறையும் எடையும்: 74 வயதில் புரதம் எவ்வளவு?

என் அம்மாவுக்கு 74 வயது. கடந்த ஐந்து மாதங்களில் அவருடைய எடை 58 கிலோவிலிருந்து 53 கிலோவாகக் குறைந்துவிட்டது. மோதிரம் கழன்று விழாமலிருக்க அதில் நூல் சுற்றி அணிந்திருக்கிறார்; நாற்காலியிலிருந்து இரு கைகளையும் ஊன்றித்தான் எழுகிறார். சர்க்கரை நோய் இல்லை; தைராய்டு, வைட்டமின் பி12 அளவுகள் சரியாக உள்ளன. ஆனால் சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன், மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரு பரிசோதனைகளிலும் இயல்பைவிடக் குறைவாக, 38 (eGFR அளவு) என்றே வந்திருக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சிறுநீரக மருத்துவர், உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராமுக்கு மேல் புரதம் வேண்டாம் என்கிறார். அதாவது நாளொன்றுக்குச் சுமார் 42 கிராம். தசை கரைவதைக் கவனித்த இயன்முறை மருத்துவரோ, முதியவர்களுக்கு 1.2 கிராம் வரை தேவை என்கிறார்; அது 64 கிராமை நெருங்குகிறது. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் தட்டில் பரிமாற வேண்டியவள் நான்.

மூன்று வேளை உணவை ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்தோம். தளர்ந்திருந்த பல்செட்டை மாற்றினோம். இரண்டு வாரம் கொடுத்த புரதப் பொடி, வயிற்றை நிரப்பி அடுத்த வேளை உணவையே கெடுத்ததால் நிறுத்தினோம். எடை இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

இதே நிலையிலுள்ள முதியவரைக் கவனித்துக்கொள்பவர்களிடம் கேட்கிறேன்: உங்கள் உணவியல் நிபுணர் புரத அளவை எவ்வளவு என்று முடிவு செய்தார், அதை எந்தப் பரிசோதனையை வைத்துக் கண்காணிக்கிறார்?