புலி முகம் அரை மணி நேரத்துல வழிஞ்சு போகுது, யாராவது உதவுங்களேன்

பிறை அம்மா:
வணக்கம். மகளுக்கு வயசு 8. வர்ற சனிக்கிழமை பள்ளியில மாறுவேடப் போட்டி, மலாயாப் புலியாத்தான் போவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. நேத்து ராத்திரி ஒத்திகை பார்த்தோம். முகத்துல பெயிண்ட் போட்டு முடிச்சப்போ அழகாத்தான் இருந்துச்சு. அரை மணி நேரம்கூட ஆகலை, கன்னத்துல ஆரஞ்சு திட்டுத் திட்டாப் போச்சு, வாய் ஓரம் வெடிச்சுச்சு, கறுப்புக் கோடெல்லாம் வேர்வையில இறங்கித் தாடைக்கு வந்துடுச்சு. கண்ணாடியைப் பார்த்துட்டு, "நான் புலியா, மழையில நனைஞ்ச பூனையாம்மா?"ன்னு கேட்டா. பள்ளி மண்டபத்துல ஏர்கான் கிடையாது, காத்தாடிதான். பெயிண்ட் பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) வாங்கினது, 12 கலர், 8 ரிங்கிட். என்ன தப்பு செஞ்சேன்?

மேடை ஒப்பனைக்காரி:
அக்கா, மூணு விஷயம் சொல்லுங்க. பெயிண்ட் தண்ணி தொட்டுப் போடுறதா, கிரீம் மாதிரி பிசுபிசுன்னு இருக்கா? முகத்துல முன்னாடி ஏதாவது தடவினீங்களா? ஸ்பாஞ்சை எவ்வளவு நனைச்சீங்க?

பிறை அம்மா:
தண்ணி தொட்டுப் போடுறதுதான். தோலுக்குப் பாதுகாப்பா இருக்கட்டும்னு மாய்ஸ்சரைசர் நல்லாத் தடவினேன். ஸ்பாஞ்சைக் கிண்ணத்துல முக்கி அப்படியே எடுத்தேன். கலர் லேசாத் தெரிஞ்சதால மூணு தடவை பூசினேன். இன்னொண்ணு, கழுவினப்புறம் கண் ஓரம் கொஞ்சம் சிவந்திருந்துச்சு.

மேடை ஒப்பனைக்காரி:
முதல்ல அந்தப் பெட்டியைத் தூக்கிக் குப்பையில போடுங்க. கண் சிவந்ததுக்கு அப்புறம் அதுக்கு மன்னிப்பே கிடையாது. மலேசியாவுல விக்கிற ஒப்பனைப் பொருளையெல்லாம் என்பிஆர்ஏ-கிட்ட (அரசாங்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு) முன்கூட்டியே அறிவிக்கணும். அப்படி அறிவிச்ச பொருளுக்கு ஒரு எண் இருக்கும், அது என்ஓடி-ன்னு (NOT) தொடங்கி கே-ன்னு (K) முடியும், அவங்க இணையத்தளத்துல தேடிப் பார்த்துக்கலாம். புதுசு வாங்கினதும் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வச்சு 24 மணி நேரம் விடுங்க. அரிச்சா வேணாம்.

இப்போ வழிஞ்ச கதை. மாய்ஸ்சரைசர்ல எண்ணெய் இருக்கு, தண்ணி பெயிண்ட் அது மேல ஒட்டாது. சேப்பங்கிழங்கு இலையில தண்ணி விட்ட மாதிரி உருண்டு திட்டாகும். முகத்தைக் கழுவித் துடைச்சுட்டு வெறும் தோல்லயே போடுங்க. ஸ்பாஞ்சை நனைச்சு, இறுக்கிப் பிழிஞ்சு, மறுபடி அழுத்தினா ஒரு சொட்டுகூட விழக்கூடாது. அந்த ஈரத்தோட பெயிண்ட் கட்டி மேல சுத்திச் சுத்தித் தேய்ச்சா குழைஞ்சு வரும். முகத்துல இழுக்காதீங்க, ஒத்தி ஒத்தி எடுங்க. மூணு பூச்சு போட்டதாலதான் வாய் ஓரம் வெடிச்சுச்சு. பிள்ளை பேசுவா, சிரிப்பா, தோல் மடியும், காஞ்ச பெயிண்ட் மடியாது. மெல்லிசா ஒரே பூச்சு போதும்.

வெளிர் நிறம் முதல்ல, கறுப்பு கடைசி. ஆரஞ்சு நல்லாக் காஞ்சப்புறம் 3ஆம் நம்பர் உருண்டை பிரஷ்ல கோடு இழுங்க. கறுப்பு மை மாதிரி ஓடணும், ஆனா பிரஷ் நுனியில சொட்டா நிக்கக்கூடாது. பிரஷை நிமிர்த்திப் பிடிச்சு, முகத்தோட ஓரத்துல அழுத்தி ஆரம்பிச்சு, உள்ளே வரவர அழுத்தத்தைக் குறைச்சா கோடு தானா கூராகும்.

ஜொகூர் மாமா:
ஹேர் ஸ்பிரே அடிச்சு விடுங்க, ஆடாம அசையாம நிக்கும். எங்க காலத்துல அப்படித்தான் செஞ்சோம்.

மேடை ஒப்பனைக்காரி:
மாமா, குழந்தை முகத்துல வேணாம். அதுல ஆல்கஹால் இருக்கு, கண்ணுல பட்டா எரியும். ஒப்பனை கலையாம இருக்குறதுக்குன்னே செட்டிங் ஸ்பிரே விக்குது. அதையும் கண்ணை, வாயை மூடச் சொல்லித்தான் அடிக்கணும். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, தண்ணி பெயிண்ட்டுக்கு வேர்வை எப்பவுமே எதிரிதான். மேடையேறுறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி போடுங்க, காலையிலயே போட்டு வேன்ல ஏத்தி அனுப்பாதீங்க. வேர்த்தா டிஷ்யூவால ஒத்துங்க, துடைச்சா எல்லாம் போச்சு.

கூத்துப் பெரியவர்:
தங்கச்சி, எங்கப்பா எஸ்டேட்டுல கூத்துக் கட்டினவர். முத்து வெள்ளைங்கிற வெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில குழைச்சுப் பூசினா விடியவிடிய நிக்கும்பார். எண்ணெயில குழைச்சதை வேர்வை அவ்வளவு சீக்கிரம் கரைக்காது, ஆனா மேல பவுடர் ஒத்தலைன்னா தொட்ட இடமெல்லாம் ஒட்டும். ஒண்ணு மட்டும் எச்சரிக்கை. பழைய முறைன்னு யாராவது அரிதாரக் கல்லை அரைச்சுப் பூசச் சொன்னா கேக்காதே. இன்னிக்கு ஒப்பனைக்கே அரிதாரம்னு பேரு வந்துடுச்சு, ஆனா அந்த மஞ்சள் கல்லுல ஆர்சனிக் இருக்கு.

பிறை அம்மா:
ரெண்டாவது ஒத்திகை முடிஞ்சுச்சு! ஜார்ஜ்டவுன் போய் லேபிள், எண் எல்லாம் இருக்கிற பெட்டியா வாங்கினேன். கையில ஒரு நாள் வச்சுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை. வெறும் தோல்ல, பிழிஞ்ச ஸ்பாஞ்ச்ல போட்டேன். அறை காத்தாடியை நிறுத்திட்டு ஒரு மணி நேரம் ஆடவிட்டேன். கன்னம் அப்படியே நிக்குது! மேலுதட்டுல மட்டும் வேர்த்து வெள்ளை கரைஞ்சிடுச்சு. அப்புறம் எங்க வீட்டுக்காரர், "பூனை நல்லா இருக்கு"ன்னார். இன்னும் புலி மாதிரி இல்லையாம்.

மேடை ஒப்பனைக்காரி:
மேலுதடு எல்லாப் பிள்ளைக்கும் வேர்க்கும் அக்கா. அங்க வெள்ளை வேணாம், விட்டுடுங்க. வெள்ளையை மூக்கின் ரெண்டு பக்கமும் உப்பலா வச்சு, கறுப்புப் புள்ளி நாலஞ்சு போட்டா போதும்.

பூனையாத் தெரியுறதுக்குக் காரணம், மூணு மீசைக்கோடு போட்டிருப்பீங்க, இல்லையா? அதை எடுத்துடுங்க. புலிக்கு அடையாளம் கண்ணுக்கு மேல இருக்கிற வெள்ளைத் திட்டு. புருவத்தையும் சேர்த்து மூடி நெத்தி வரைக்கும் வெள்ளை போடுங்க, அதுக்கு மேலதான் கறுப்புக் கோடு. மூக்குத் தண்டுல கோடே போடாதீங்க, அங்க புலிக்கும் வெறும் ஆரஞ்சுதான். மூக்கு நுனி இளஞ்சிவப்பு. ரெண்டு கன்னத்துலயும் கோடு ஒண்ணு போல இருக்கணும்னு அளந்து அளந்து போடவும் வேணாம், எந்தப் புலிக்கும் அப்படி இருக்காது.

ஜொகூர் மாமா:
மினுமினுப்புத் தூள் கொஞ்சம் தூவலாமே?

மேடை ஒப்பனைக்காரி:
கைவினைக் கடையில விக்கிற தூளை முகத்துக்குப் போடக்கூடாது மாமா, கண்ணுல விழுந்தா கருவிழியைக் கீறிடும். அதோட, மினுக்குற புலியை எந்தக் காட்டுல பார்த்தீங்க? நம்ம காட்டுலயே மொத்தம் 150க்கும் கம்மியாத்தான் மிஞ்சியிருக்கு.

பிறை அம்மா:
மீசைக்கோடு போட்டது உண்மைதான், எப்படிக் கண்டுபிடிச்சீங்களோ! அந்த 150 கணக்கை மகக்கிட்ட சொன்னேன், மேடையில அதைத்தான் பேசப்போறாளாம். காது வச்ச தலைப்பட்டை தச்சாச்சு, கறுப்புத் துணிதான்.

கூத்துப் பெரியவர்:
காதுக்குப் பின்பக்கம் ரெண்டு வெள்ளை வட்டம் வெட்டி ஒட்டிடும்மா. புலிக்கு அங்க வெள்ளைப் பொட்டு உண்டு. திரும்பி நடக்கும்போது பின்னால இருக்கிறவங்க அதைத்தான் பார்ப்பாங்க.