ஜாமீன் கிடைத்தும் ஆள் ஜெயிலில்: ஷூரிட்டி (ஜாமீன்தாரர்) இல்லாதவருக்கு என்ன வழி?

நொய்யல்கரை:
செல்போன் திருட்டு கேஸ், பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 303(2). திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர். ஜாமீன் உத்தரவாகி ஒன்பது நாள் ஆகிவிட்டது, இன்னும் உள்ளேதான். "10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இரு நபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த சொந்தம்" என்பது நிபந்தனை. சொந்தக்காரர்கள் எல்லாம் ஒடிசாவில். பத்தாயிரத்தைக் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்கிறார் கூட வேலை பார்ப்பவர். சரியா?

கோர்ட்டுவாசல்:
சரியில்லை. அது இப்போது கட்டுகிற பணம் அல்ல. ஆள் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் ஜாமீன்தாரரிடம் வசூலிக்கிற தொகை. அவ்வளவுக்கு அவரிடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் வீட்டு வரி ரசீது கேட்கிறார்கள். கூடவே ஆதார் நகல், போட்டோ, இடது பெருவிரல் ரேகை. இருவரும் நேரில் நிற்க வேண்டும். "இவர் உங்களுக்கு என்ன வேணும், எத்தனை வருஷப் பழக்கம், என்ன கேஸ்னு தெரியுமா" என்று மாஜிஸ்திரேட் கேட்பார். கடைசிக் கேள்விக்கு முழித்தால் போச்சு. கோர்ட் வாசலில் காசுக்குக் கையெழுத்துப் போடும் ஆட்கள் மாட்டுவது அங்கேதான். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதையும் ஜாமீன்தாரர் பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 486-ன்படி சொல்லியாக வேண்டும்.

வாய்தா_வரலாறு:
அதே சட்டத்தின் 478-ஐப் பாருங்கள். ஒரு வாரத்தில் ஷூரிட்டி கொடுக்க முடியாதவரை ஏழை என்று கருதி அவரே எழுதிக்கொடுக்கும் சொந்தப் பிணையிலேயே விட வேண்டும்.

பிரிவுப்பித்தன்:
478 ஜாமீனில் விடத்தக்க குற்றங்களுக்கு மட்டும். 303(2) பொதுவாக அதில் சேராது. இவருக்கு உதவக்கூடியவை வேறு. 484-ன்படி பிணைத்தொகை மிகையாக இருக்கக்கூடாது. செஷன்ஸ் கோர்ட்டோ ஹைகோர்ட்டோ குறைக்கலாம். 490-ன்படி, பிணைப்பத்திரத்துக்குப் பதிலாகப் பணத்தை டெபாசிட் செய்யக் கோர்ட் அனுமதிக்கலாம். நண்பர் சொன்னது இந்த வழியில் நடக்கக்கூடும். ஆனால் மனுப்போட்டு அனுமதி வாங்க வேண்டும்.

அதைவிடக் கையில் பிடிக்க வேண்டியது 31.1.2023 உச்ச நீதிமன்ற உத்தரவு. ஜாமீன் உத்தரவான 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் கடந்தால் கோர்ட் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்ற நிபந்தனையே தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு ஏழு நாள் தாண்டிவிட்டது. 15100-க்குப் போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்குப் பண உதவி கிடைக்க வழியிருக்கிறது. பணம் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவருக்கானது அது.

கரிசல்மண்:
சட்டம் எல்லாம் சரி, அடிப்படைக் கோளாறு வேறு. ஷூரிட்டி என்றால் சொத்து. புறம்போக்கில் குடியிருப்பவனுக்கு வீடு இருக்கும், வரி ரசீது இருக்காது. பெண்களில் பலர் பெயரில் வீடே இல்லை. சேரிக்காரனுக்குக் கையெழுத்துப் போட ரசீது வைத்திருப்பவன் பெரும்பாலும் ஊர்த்தெருக்காரன்; வழக்கே ஊர்த்தெருவோடு என்றால் அவன் எங்கே வருவான்? வெளி மாநிலத்தவருக்கு அந்த ஊர்த்தெரு கூடக் கிடையாது. 1978-ல் மோதி ராம் வழக்கில், அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஒரு மத்தியப் பிரதேசக் கொத்தனாரின் ஷூரிட்டியை மாஜிஸ்திரேட் தள்ளினார். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, பத்தாயிரத்தை ஆயிரமாக்கினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்தும் நாம் அதே பத்தாயிரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள்.

நொய்யல்கரை:
ஷூரிட்டிக்கு அலையாமல் 60 நாள் காத்திருந்தால்?

பிரிவுப்பித்தன்:
60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கிடைக்கும் ஜாமீனுக்கும் ஷூரிட்டி கேட்பார்கள். கோர்ட் குறித்த கெடுவுக்குள் கொடுக்காவிட்டால் காவல் தொடர்வது செல்லும் (ரவீந்திரன் வழக்கு, 2020). 479-ம் இருக்கிறது: இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்தால் விட வேண்டும். மூன்று வருஷத் தண்டனைக்கு ஒரு வருஷம். ஆனால் ஒன்றுக்கு மேல் கேஸ் இருந்தால் 479(2) தடுக்கும். போலீஸ் ஏன் பழைய கேஸ்களையும் சேர்த்து மாட்டுகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

கோர்ட்டுவாசல்:
கடைசியாக இரண்டு. ஒன்று, விடுதலை உத்தரவில் தகப்பனார் பெயர் ஓர் எழுத்து மாறினாலும் ஜெயிலில் திருப்பிவிடுவார்கள். ஒடியா பெயரைத் தமிழில் எழுதும்போது ரிமாண்ட் ரிப்போர்ட்டில் (காவலில் வைக்கக் கேட்டு போலீஸ் கொடுக்கும் அறிக்கை) ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருக்கும். ஷூரிட்டி கொடுக்கும் அன்றே பெஞ்ச் கிளார்க்கிடம் ஒத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு, வேறு ஸ்டேஷன் கேஸுக்கு பி.டி. வாரண்ட் (ஜெயிலில் இருப்பவரை வேறு கேஸில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் இந்த ஷூரிட்டி மட்டும் கொடுத்து ஆள் வெளியே வரமாட்டார். நிபந்தனை தளர்த்தும் மனுவில், தினமும் காலை 10.30 ஸ்டேஷன் கையெழுத்து இருந்தால் அதையும் வாரம் ஒருமுறையாக்கச் சேர்த்துக் கேளுங்கள். ஷிப்ட் வேலைக்காரர் அதில் இரண்டு நாள் தவறினாலே ஜாமீனை ரத்து செய்ய மனு வரும்.