புதுப்பிப்பு: கஞ்சா மிட்டாயும் என் செக்யூரிட்டி கிளியரன்ஸும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கடையில் சட்டப்படி வாங்கிய கஞ்சா மிட்டாயை ரெண்டு தடவை சாப்பிட்டதை, அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதிக்காக (செக்யூரிட்டி கிளியரன்ஸ்) நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தில் சொல்லணுமான்னு முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் "யாருக்குத் தெரியப்போகுது, விடுங்க"ன்னீங்க. விடலை, எழுதிட்டேன்.

படிவத்தோட 23-ஆம் பிரிவு, கடைசி 7 வருஷத்தில் போதைப்பொருள் எடுத்தீங்களான்னு கேட்குது. மேரிலாந்து 2023 ஜூலையில் அனுமதிச்சதெல்லாம் அங்கே செல்லாது. மாநிலம் அனுமதிச்சாலும் மத்திய சட்டப்படிதான் பதில் சொல்லணும்னு படிவத்திலேயே இருக்கு.

பின்னணி விசாரணைக்கு வந்த பெண் அதிகாரி தன்மையாத்தான் பேசினாங்க. ஆனா எந்த மாசம், யார் கூட, இனிமே தொடுவீங்களான்னு ஒரே கேள்வியைச் சுத்திச் சுத்திக் கேட்டாங்க. இனி தொடமாட்டேன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அமெரிக்க தேசிய உளவுத்துறை இயக்குநரின் 2021 டிசம்பர் வழிகாட்டுதல்படி, பழைய பழக்கத்தைக் கணக்கில் எடுப்பாங்க, அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது. இப்பவும் பயன்படுத்தறவங்களுக்குத்தான் கதவு சாத்தியிருக்கு. மறைச்சு மாட்டினா அது தனிக் குற்றம், கஞ்சாவைவிட மோசம்.

விசாரணை முடியறதுக்கு முன்னாடி தற்காலிகமாத் தர்ற இடைக்கால கிளியரன்ஸ் கிடைக்கலை. வயித்தில் புளியைக் கரைச்சுது. முழு கிளியரன்ஸ் நேத்து வந்துடுச்சு.

மூட்டுவலிக்கு சிபிடி (கஞ்சாச் செடியில் இருக்கிற, போதை தராத பொருள்) எண்ணெய் எடுத்துக்கலாமான்னு கேட்ட அண்ணாவுக்கு: வேண்டாம்ணா. லேபிளில் போட்டதைவிட டிஎச்சி (போதை தர்ற பொருள்) கூடுதலா இருந்தா சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டிக்க வாய்ப்பிருக்கு.