சீனத்துச் சுவான்சோ பழைய நகரத்தில் ஒரு நாள்: போனவர்கள் எழுதுங்கள்

ஸ்ரீரங்கத்துப் பெண்

கைய்யுவான் பௌத்தக் கோவிலையும் அதன் இரட்டைக் கல் கோபுரங்களையும் இங்கே எல்லோருக்கும் தெரியும். நேராகப் பெரிய மண்டபத்தின் பின் தாழ்வாரத்துக்கு வந்துவிடுகிறேன். வெளிச்சம் குறைந்த அந்த இடத்தில், மற்றத் தூண்களோடு ஒட்டாமல், பதினாறு பட்டை வைத்த இரண்டு தூண்கள் நிற்கின்றன. இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், யானையைக் காக்க வந்த பெருமாள், இரண்டு மருத மரங்களுக்கு நடுவே கண்ணன். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். பேரனோடு வந்த ஒரு பாட்டி, தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது யார்?" என்று கேட்டார். போன் மொழிபெயர்த்தது.

உரலில் கட்டிய கதையைச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். வெண்ணெய் திருடினான், அம்மா கட்டிப்போட்டாள், உரலை இழுத்துக்கொண்டே போனான், மரம் சாய்ந்தது. பையன் உடனே இடுப்பில் இரண்டு கையையும் வைத்து, எதையோ இழுப்பதுபோல முக்கி முக்கி நடந்தான். பாட்டி சிரிக்கவில்லை. போனில் ஏதோ சொல்லி என்னிடம் திருப்பிக் காட்டினார். "பிள்ளைக்குப் பசியா?" என்று இருந்தது.

பிறந்ததிலிருந்து கேட்ட கதை இது. யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாது. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பினாங்குக்காரன்

சகோதரி, யசோதை வீட்டுப் பிள்ளைக்கு என்ன பசி? ஆனாலும் அந்தப் பாட்டி கேட்டது சரியான கேள்வி.

எனக்கு மறக்காதது தூமென் தெரு. 1009இல் எழுந்த பள்ளிவாசலுக்கு அடுத்தாற்போல் குவாந்தி என்ற சீனப் போர்த்தெய்வத்தின் கோவில், நாள் முழுக்க ஊதுவத்திப் புகை. பினாங்கில் எங்கள் தெருவில் பாதிப்பேர் ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள், அதனால் சுவான்சோக்காரர்கள் பேசுவது எனக்கு ஓரளவு புரியும். பிறை வடிவத்தில் இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போட்டுச் சாமியிடம் உத்தரவு கேட்பதை அங்கே எப்போதும் பார்க்கலாம். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்து விழுந்தால் சம்மதம். இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறார். இரண்டும் கவிழ்ந்தால் முடியாது என்று அர்த்தம்.

அலுவலகச் சட்டையோடு வந்த ஒருவர் போட்டுக்கொண்டே இருந்தார். கவிழ்ந்தது, மறுபடியும் கவிழ்ந்தது. கல் தரையில் மரம் விழும் சத்தம் அந்தக் கூட்டத்திலும் தனியாகக் கேட்டது. அவருக்கு வியர்த்துவிட்டது. பக்கத்தில் மண்டியிட்டிருந்த ஒரு கிழவி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "கேள்வியை மாற்று" என்றார். அந்தச் சட்டைக்காரர் கண்ணை மூடி வெகுநேரம் முணுமுணுத்துவிட்டுப் போட்டார். சம்மதம் விழுந்தது. எழுந்து போய்விட்டார். முதலில் என்ன கேட்டார், பிறகு எதற்கு மாற்றினார் என்பது இன்றுவரை என் மண்டையைக் குடைகிறது.

தஞ்சை மண்

அந்தத் தூண்களும் அந்தக் கோவிலும் இராசேந்திர சோழன் கட்டியவை. கடாரம் வென்றவனுக்குச் சீனம் எட்டாதா? நானும் பார்த்தேன், உடம்பெல்லாம் புல்லரித்தது.

கல்வெட்டு வாசகன்

தஞ்சை மண் நண்பரே, புல்லரிப்பு எனக்கும் உண்டு. ஆனால் இராசேந்திரனை இதில் கொண்டுவராதீர்கள். அவன் காலத்தில் சீன அரசவைக்குத் தூது போனது உண்மை, 1033இல். அவன் தந்தை அனுப்பிய தூது 1015இல் போய்ச் சேர்ந்தது, குலோத்துங்கன் தூது 1077இல். சுவான்சோவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டோ சகம் 1203, சித்திரை மாதம், அதாவது 1281. சோழ ஆட்சி முடிந்துபோன காலம் அது. சீனத்தில் அப்போது ஆண்டவர் குப்லாய் கான். சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் அனுமதியோடு, கானின் "திருமேனி நன்றாக" என்று வேண்டிச் சிவனை எழுந்தருளச் செய்திருக்கிறார். தமிழ் வரிகளுக்குக் கீழே சீனத்திலும் ஒரு வரி இருக்கிறது.

இது எந்த அரசனும் படை நடத்திக் கட்டியதல்ல. மிளகும் துணியும் ஏற்றிக்கொண்டு, பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் அந்த ஊரில் தங்கியிருந்த வணிகர்கள் தங்களுக்காக எழுப்பிக்கொண்ட கோவில். அதை ராஜாவுக்கு எழுதிவைப்பது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். மங்கோலிய ஆட்சியின் கடைசியில் ஊர் கலவரத்தில் சிக்கியது, கோவிலும் போனது. மிங் காலத்தில் புத்தர் மண்டபத்தைப் புதுப்பித்தபோது அந்தக் கற்களைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதே ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. மண்டபத்துக்கு முன்னால் உள்ள மேடையின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தால் வரிசையாகச் சிங்கங்கள் தெரியும், அவையும் அந்தக் கோவிலுடையவையே.

என் அனுபவம் சிறியது. கடல்வழி வரலாற்று அருங்காட்சியகத்தில், சிவலிங்கத்தை யானை வழிபடும் பலகைச் சிற்பம். திருவானைக்காக் கதை. பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவன் அதை ஒரு தாளில் வரைந்துகொண்டிருந்தான். யானையை அச்சாக வரைந்துவிட்டான். லிங்கம் வரவேண்டிய இடத்தை வெற்றாக விட்டிருந்தான்.

தஞ்சை மண்

சிற்பிகளாவது சோழ நாட்டுக்காரர்கள் என்று ஒப்புக்கொள்வீர்களா ஐயா?

கல்வெட்டு வாசகன்

வேலைப்பாடு சோழ மரபு, அதில் சந்தேகமில்லை. சில பலகைகளில் உள்ளூர்க் கை தெரிகிறது. மேகத்தைச் சீனர்கள் செதுக்குகிற மாதிரியே செதுக்கியிருக்கிறார்கள்.

நெய்தல்

எல்லோரும் கல்லையே பேசுகிறீர்கள். சுன்பு மீனவர் குடியிருப்புக்குப் போனவர்கள் இல்லையா? சுவரெல்லாம் சிப்பி ஓடு பதித்த வீடுகள். பெண்கள் கொண்டையைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூ வைப்பார்கள். இப்போது வெளியூர்ப் பெண்கள் வாடகை உடையில் பூ வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் எல்லாம் வேஷம் என்று சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் விடியற்காலையில் போயிருக்கமாட்டார்கள். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு பெண் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார். ரப்பர் காலணி, கையுறை, கட்டைக் கத்தி. தலை நிறைய மொட்டு. ஒரு மொட்டு நழுவிச் சிப்பிச் சதை கிடந்த வாளிக்குள் விழுந்தது. கத்தி முனையால் அதை எடுத்து, தண்ணீரில் அலசி, கொண்டையில் அதே இடத்தில் செருகிவிட்டு அடுத்த சிப்பியை எடுத்தார். அங்கே படம் எடுக்க யாரும் இல்லை. நானும் எடுக்கவில்லை.

நடைப்பயணி

மேற்குத் தெருவில் ஒரு மாலை, முதியவர்கள் கூடி நான்யின் என்ற உள்ளூர்ப் பழைய இசை வாசித்தார்கள். வீணை மாதிரி மடியில் கிடத்தி மீட்டும் தந்தி வாத்தியம், ஒரு குழல், பாடும் அம்மாள் கையில் தாளக்கட்டை. ஒரு பாட்டு முடிய அரைமணி ஆனது. யாரும் எழுந்து போகவில்லை.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். குவாங்சோ வேறு, சுவான்சோ வேறு. டிக்கெட் எடுக்கும்போது சீன எழுத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சியாமென் வரை விமானத்தில் போனால் அங்கிருந்து அதிவேக ரயிலில் அரைமணி, முக்கால் மணி. பணம் எல்லாம் போனில்தான். அலிபே செயலியில் பன்னாட்டுக் கார்டை ஊரிலேயே இணைத்துச் சோதித்துவிடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் காலைக் கடைகளில் கிடைக்கும் சேமியாக் கஞ்சியைக் கேட்காமல் வாங்காதீர்கள், பெரும்பாலும் இறைச்சிச் சாறு இருக்கும். கட்டிக் கட்டியாக விற்கிற ஒளிபுகும் கூழில் இருப்பது கடற்புழு. அகர் மாதிரிக் கடற்பாசியில் செய்கிற இனிப்புக் கூழ் வேறு, அதைத் தயங்காமல் சாப்பிடலாம். தூண்களைப் பார்க்கக் கையில் டார்ச் வேண்டும். லொயாங் பாலத்துக்கு அலை வற்றிய நேரம் பார்த்துப் போங்கள். 1059இல் முடித்த பாலம் அது. அடித்தளக் கற்கள் பிரியாமலிருக்கச் சிப்பிகளை வளர்த்து ஒட்டவைத்தார்கள். தண்ணீர் இறங்கினால்தான் அந்தச் சிப்பிகள் தெரியும். அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும், அன்றைக்குச் சுன்பு வைத்துக்கொள்ளுங்கள்.