தலை உருவாகும் வாரங்களில் குரோமாட்டின் மரபணுக்கள்: நேரில் கண்டவை

வளர்ச்சி உயிரியல் ஆய்வாளர்:

முனைவர் பட்ட ஆய்வின்போது, சிஎச்டி7 மரபணுவின் இரு பிரதிகளுள் ஒன்று மட்டும் பழுதடைந்த சுண்டெலிகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கூண்டைத் திறந்த உடனேயே அவற்றை இனங்கண்டுவிடலாம். தலையை ஆட்டியபடி ஓயாமல் வட்டமடித்துக்கொண்டிருக்கும். சமநிலையை உணரும் உட்செவியின் அரைவட்டக் குழாய்கள் சரிவர உருவாகாததே அதற்குக் காரணம். இரு பிரதிகளும் பழுதானால், கரு ஏறத்தாழ 11ஆம் நாளிலேயே இறந்துவிடும்.

ஹிஸ்டோன் புரதங்களின் மீது 147 கார இணை அளவுக்கு டிஎன்ஏ சுற்றியிருக்கும் அமைப்பே நியூக்ளியோசோம்; இவை கோத்த இழையே குரோமாட்டின். உயிரணுவின் எரிபொருளான ஏடிபியின் ஆற்றலைச் செலவிட்டு நியூக்ளியோசோமை நகர்த்துவதே, அதாவது குரோமாட்டினை மறுசீரமைப்பதே, சிஎச்டி7 புரதத்தின் வேலை. உடலின் எல்லா உயிரணுக்களிலும் உள்ள ஒரு மரபணு பாதியாகக் குறைந்தால் தலைப்பகுதி ஏன் இவ்வளவு பாதிக்கப்படுகிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதற்குப் பாதி விடை தந்தது: நரம்புக் குழாயின் மேல்விளிம்பிலிருந்து புறப்பட்டுச் சென்று முக எலும்புகளாகவும் குருத்தெலும்பாகவும் மாறும் நரம்பு முகட்டு உயிரணுக்களில், இப்புரதம் பிபிஏஎஃப் என்னும் மற்றொரு மறுசீரமைப்புக் கூட்டமைப்புடன் சேர்ந்து, சாக்ஸ்9, ட்விஸ்ட்1 ஆகிய மரபணுக்களைத் தொலைவிலிருந்து முடுக்கும் டிஎன்ஏ பகுதிகளில் அமர்கிறது. பாதி விடை என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. உட்செவியின் உட்படலம் நரம்பு முகட்டிலிருந்து வருவதன்று, கருவின் மேற்படலம் தடித்து உண்டாகும் செவித்தட்டிலிருந்து தனியே உருவாவது.

குழந்தைகள் காது மூக்கு தொண்டை மருத்துவர்:

வட்டமடிக்கும் எலிகளைப் பற்றி வாசித்ததும், என்னிடம் அனுப்பப்பட்ட ஒரு குழந்தை நினைவுக்கு வந்தது. மூக்கின் பின்துளைகள் இரண்டும் அடைபட்டிருந்தன. பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சுவிடும் என்பதால், வாய் மூடியிருக்கும்போதெல்லாம் உடல் நீலம் பாரித்தது, அழுதால் தெளிந்தது. விழித்திரையில் பிளவும் காதுமடலில் குறைபாடும் சேர்ந்திருந்ததால், பல உறுப்புகளைப் பிறவியிலேயே பாதிக்கும் சார்ஜ் நோய்க்கூட்டு என்று ஐயுற்றோம். 1981இல் பெயரிடப்பட்ட இந்நோய்க்கூட்டுக்கும் எட்டாம் குரோமோசோமிலுள்ள சிஎச்டி7 மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 2004இல்தான் தெரியவந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் குழந்தை நடக்க மிகவும் தாமதித்தபோது, அறிவு வளர்ச்சிக் குறைவே காரணம் என்று எங்கோ ஒரு குறிப்பில் எழுதிவிட்டார்கள். சிடி ஸ்கேனில் அரைவட்டக் குழாய்கள் அறவே இல்லை. சமநிலை உணர்வு குன்றிய குழந்தை, கண்ணையும் தசைகளையும் மட்டுமே நம்பி நிற்கப் பழக வேண்டியிருக்கும். ஸ்கேனைப் பார்க்காமல் அறிவுத்திறனைப் பற்றி முடிவெழுதுவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

மரபியல் ஆலோசகர்:

இத்தகைய குழந்தைகளின் தாய்மார்கள் பெரும்பாலும் கேட்பது, தாம் உண்ட ஏதேனும் மாத்திரையோ செய்த வேலையோ காரணமா என்பதுதான். நரம்பு முகட்டு உயிரணுக்கள் நகரத் தொடங்குவது கருவின் நான்காம் வாரத்தில். பலருக்குக் கருவுற்றிருப்பதே அப்போது தெரிந்திராது. பெரும்பாலான சிஎச்டி7 மாற்றங்கள் பெற்றோரின் இரத்தத்தில் காணப்படாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியவை என்பதை விளக்கியதும், பலரின் குற்றவுணர்வு தணிவதைக் கண்டிருக்கிறேன். ஆயினும் பெற்றோரின் இனப்பெருக்க அணுக்கள் சிலவற்றில் மட்டும் அம்மாற்றம் மறைந்திருக்கக்கூடும் என்பதால், அடுத்த குழந்தைக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்வதில்லை. ஒரே மாற்றத்தைக் கொண்ட இருவரில் ஒருவருக்குக் கடுமையாகவும் மற்றவருக்கு இலேசாகவும் இருப்பது ஏன் என்பதை விளக்குவதுதான் கடினம்.

வளர்ச்சி உயிரியல் ஆய்வாளர்:

அதற்கு எலிகளிடம் ஓர் இணை உண்டு. செக்ர்2 என்ற வேறொரு மறுசீரமைப்பு மரபணு பழுதானால் நரம்புக் குழாயின் தலைப்பகுதி மூடாமல், மூளை வெளியே திறந்தபடி நின்றுவிடும். ஆனால் ஒரு வளர்ப்பினத்தில் பல கருக்களில் தோன்றும் அக்குறை, அதே பழுதுடைய இன்னொரு வளர்ப்பினத்தில் தோன்றுவதில்லை. பழுதான மரபணுவைச் சூழ்ந்துள்ள மற்ற மரபணுக்களும் விளைவைத் தீர்மானிக்கின்றன.