ஹைனான் கிப்பனுக்குக் கயிற்றுப் பாலம் தேவையா?

கானகன்: சீனாவின் ஹைனான் தீவில் உள்ள பாவாங்லிங் காட்டில் 2014 ஜூலையில் ரம்மசூன் சூறாவளியால் மண் சரிந்து, மரத்துக்கு மரம் தாவி வாழும் வாலில்லாக் குரங்கான கிப்பனின் ஒரு கூட்டத்துக்கு மரவழி அறுந்தது. இடைவெளி சுமார் 15 மீட்டர். 2015 டிசம்பரில் இரண்டு மலையேற்றக் கயிறுகளை இழுத்துக் கட்டினார்கள். கிப்பன் அதைத் தொட 176 நாள் ஆனது! இதற்கா இத்தனை கொண்டாட்டம்? அங்கே நாற்று நட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம்.

செம்போத்து: சரிவில் மேல்மண்ணே போயிருக்கும். அதில் நாற்று வேர்பிடித்து, இரு கரையிலிருந்தும் ஏழெட்டு மீட்டர் கிளை நீட்ட எத்தனை வருஷம்? அதுவரை இவை தாவித்தான் ஆக வேண்டும். எதிர்ப்பக்க ஓலை ஒன்றை எட்டிப் பிடித்துத்தான் கடந்துகொண்டிருந்தன, அந்த ஓலையும் தொங்க ஆரம்பித்திருந்தது. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு பாயும் தாய் தவறினால் இரண்டு உயிர்.

கானகன்: வால்பாறையில் சிங்கவால் குரங்குக்கும் பாலம் கட்டினோம். அது சரி, கீழே சாலை. இங்கே வண்டியா ஓடுகிறது?

செம்போத்து: ஒப்பீடே தப்பு. சிங்கவால் தேவைப்பட்டால் தரையில் இறங்கி நடக்கும். கிப்பன் இறங்குவது அபூர்வம். அதற்கு மரத்தொடர் அறுந்தால் வீடே இரண்டாகிறது.

முடிச்சு: கயிறு ஏன் இரண்டு என்று யாரும் கேட்கவில்லையே. கிப்பன் என்றதும் கைமாற்றி ஊஞ்சலாடிப் போகும் என்று நினைப்போம். இந்தப் பாலத்தில் அது அரிது. ஏழெட்டு கிலோ உடம்பு ஒற்றைக் கயிற்றில் வீசினால் கயிறும் கூடவே ஆடும் அல்லவா. கீழ்க்கயிற்றில் கால், மேல்கயிற்றில் கை. இப்படிப் போனால் ஆட்டம் குறைவு. மரத்தில் கட்டும்போது சுருக்கு இறுகக்கூடாது, தண்டு பருக்கப் பருக்கப் பட்டையை அறுத்து மரத்தையே கொன்றுவிடும். அகலப் பட்டி போட்டு, வருஷத்துக்கொருமுறை தளர்த்த வேண்டும். வெயிலில் இற்றுப்போன கயிற்று நார்களையும் அப்போதே பார்க்கலாம்.

கானகன்: சரி, கட்டும் முறையில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் 1950களில் 2,000 அளவில் இருந்தவை, பிறகு பத்துக்கும் கீழே போய், 2003இல் 13 ஆகி, இன்று நாற்பதைத் தாண்டியிருக்கின்றன. அந்த ஏற்றம் வேட்டையும் வெட்டும் நின்றதால் வந்தது. பாலத்துக்குப் பேர் போகக்கூடாது.

செம்போத்து: பேரை யார் கேட்டது? ஒரே ஒரு காட்டில் நாற்பது சொச்சம்தான். அதில் ஒரு தாய் விழுந்தாலும் கணக்கு இடிக்கும். நாற்று நடுங்கள், கிளைகள் கோத்த அன்றைக்குக் கயிற்றை நானே அவிழ்க்கச் சொல்கிறேன்.