ரோல்பேக் ஆனால் எர்ரர் லாகும் போய்விடுகிறது: டேபிள் வேரியபிள் சரியான வழியா?

கணினிக்குயில்: எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில் ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜர் (சர்வரிலேயே சேமித்து வைத்து அழைக்கும் நிரல்). டிரான்சாக்ஷனுக்குள் (முழுதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத வேலைத் தொகுப்பு) ஆர்டர்களைச் சரிபார்த்து, தவறானவற்றின் காரணத்தை லாக் டேபிளில் எழுதுகிறேன். ரோல்பேக் ஆனால், அதாவது அதில் செய்ததெல்லாம் ரத்தானால், லாகும் சேர்ந்து அழிகிறது. கேட்ச் பிளாக்கில் (எர்ரர் வந்தால் ஓடும் பகுதி) ரோல்பேக்குக்கு முன் எழுதினால் 3930 எர்ரர் வருகிறது.

நிரல்நேசன்: காரணங்களை டேபிள் வேரியபிளில் (டேபிள் வடிவில் வரிசைகளை வைக்கும் வேரியபிள்) சேர்த்து வையுங்கள். டெம்ப் டேபிளில் (தற்காலிக டேபிள்) போட்டவை ரோல்பேக்கில் போய்விடும், டேபிள் வேரியபிளில் போட்டவை அப்படியே இருக்கும். ரோல்பேக் முடிந்ததும் லாக் டேபிளுக்கு மாற்றினால் போதும்.

தரவுத்தோழி: இதை நான் ஏற்கவில்லை. இந்த டிரான்சாக்ஷனை இனி கமிட் செய்ய (நிலையாகச் சேமிக்க) முடியாது, ரோல்பேக் மட்டும்தான் வழி என்பதைத்தான் 3930 சொல்கிறது. கேட்ச்சுக்குள் வந்ததும் முதலில் ரோல்பேக், அப்புறம் லாக், கடைசியில் த்ரோ (எர்ரரை அழைத்தவருக்கே திருப்பி அனுப்புவது). ரோல்பேக்குக்குப் பிறகும் கேட்ச்சுக்குள் எர்ரர் எண்ணும் செய்தியும் கிடைக்கும். டேபிள் வேரியபிள் எதற்கு?

நிரல்நேசன்: கேட்ச்சில் கிடைப்பது கடைசியாக வெடித்த ஒரு எர்ரர் மட்டும். அவருக்கு வேண்டியது தவறான ஆர்டர்களின் முழுப் பட்டியல். அதை எங்கே வைப்பீர்கள்?

தரவுத்தோழி: சரிபார்ப்பை டிரான்சாக்ஷனுக்கு முன்பே முடித்துவிடலாமே. டிரான்சாக்ஷன் தரவின் மேல் போடும் பூட்டுகளும் (lock) சீக்கிரம் விடுபடும்.

நிரல்நேசன்: முடியாது. சரிபார்த்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் வேறொரு செஷன் (வேறொருவரின் இணைப்பு) சரக்கு இருப்பை மாற்றிவிட்டால்? இருப்பைப் பார்ப்பதும் குறைப்பதும் ஒரே டிரான்சாக்ஷனில்தான் நடக்க வேண்டும்.

தரவுத்தோழி: இருப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் யாரும் பேசாத ஓட்டை ஒன்று இருக்கிறது: கிளையன்ட் டைம்அவுட், அதாவது அழைத்த செயலி காத்திருந்து பாதியில் நிறுத்திவிடுவது. அப்போது கேட்ச் பிளாக் ஓடவே ஓடாது. பேட்ச்சோடு (ஒன்றாக அனுப்பிய கட்டளைகள்) டேபிள் வேரியபிளும் போய்விடும், உங்கள் பட்டியல் மிஞ்சாது. எக்ஸாக்ட் அபார்ட் (XACT_ABORT, எர்ரர் வந்தால் டிரான்சாக்ஷனை ரத்து செய்யும் அமைப்பு) ஆஃப் என்றால் இன்னும் மோசம்: டிரான்சாக்ஷன் திறந்தபடியே கிடக்கும், பூட்டுகள் விடுபட மற்றவர்கள் காத்துக் கிடப்பார்கள். ப்ரொசீஜரின் முதல் வரியிலேயே அதை ஆன் செய்யுங்கள்.

நிரல்நேசன்: ஆன் செய்வதில் எனக்கும் மறுப்பில்லை. பட்டியலுக்கு டேபிள் வேரியபிள் என்பதிலிருந்து மாறமாட்டேன்.

கணினிக்குயில்: இரண்டையும் சேர்த்தேன், பட்டியல் நிற்கிறது. இப்போது 266 எர்ரர் வருகிறது. வெளியே இன்னொரு ப்ரொசீஜர் டிரான்சாக்ஷன் தொடங்கி இதை அழைக்கிறது.

தரவுத்தோழி: உள்ளே ரோல்பேக் போட்டால் வெளியே தொடங்கியதும் சேர்ந்தே ரத்தாகும். நுழையும்போது 1 ஆக இருந்த டிரான்சாக்ஷன் எண்ணிக்கை வெளியேறும்போது 0 ஆகிவிடுவதால்தான் 266. நுழைந்ததும் எண்ணிக்கையை ஒரு வேரியபிளில் வைத்து, 0 என்றால் மட்டும் நீங்கள் தொடங்கி நீங்களே ரோல்பேக் செய்யுங்கள். இல்லையென்றால் த்ரோ மட்டும் போதும், ரோல்பேக் வெளியே நடக்கட்டும்.

நிரல்நேசன்: அப்படியானால் லாகையும் வெளியே இருப்பவர்தான் எழுத வேண்டும். உள்ளே எழுதினால் மறுபடி 3930தான்.